நீ எரிக்காத கார்டு

ரீனா,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன இந்த நான்கு வருஷமாகத் தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, அங்கே மழையா, ரூமில் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன். அதோடு என் பேச்சு தீர்ந்துவிடும், அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். இப்போது எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வராது. கன்னடத்தில் எழுதினால் ஃபேக்டரிக்கு லீவு லெட்டர் எழுதுவது போல ஆகிவிடும். அதனால் தமிழில் எழுதுகிறேன். நீ சண்டே ஸ்கூலில் கற்ற தமிழ், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. ஒரே மூச்சில் படித்துவிட்டு மடித்து வைக்கிற விஷயம் இல்லை இது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன திங்கட்கிழமை உன் அத்தை வந்து, உனக்குக் கொடுக்க வேண்டிய சீர்ச் சாமான்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டில், பீரோ, மிக்ஸி, குக்கர் என்று எழுதிக்கொண்டே வந்தவளிடம், "அந்த ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டரையும் எழுது. புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுக்கப்போறேன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன அண்ணா பேசுற? கேம்ஸ் ஆடுற மிசினை யாராவது சீர்ல கொடுப்பாங்களா? மாப்பிள்ளை வீட்டுக் கோலார்க்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். என்ன நினைத்தாலும் பரவாயில்லை, எழுது என்றேன். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அவளுக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை. உனக்காவது நான் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் மாப்பிள்ளை அருணும் அவர் வீட்டாரும் ஆராதனை முடிந்து நேராக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அருண் உன் ரூமில் துணி போர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கார்டு போட்டா நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாமே, நீயே மாட்டிடேன்" என்றார். நீ சிரித்தாய். "ஐயோ, என்னைத் தொட விடாதீங்க. நான் தொட்டா எரிஞ்சிடும். பி.யு.சி.ல ஒரு கார்டை எரிச்சவ நான். அதுக்கப்புறம் ஒரு ஸ்க்ரூகூட நான் கழட்டினதில்ல. நம்ம வீட்ல பல்பு மாத்துறதுகூட இனிமே நீங்கதான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் சாய்ந்து தட்டெல்லாம் காபியாகிவிட்டது. கை வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவன், கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை.

ரீனா, நீ எந்தக் கார்டையும் எரிக்கவில்லை. உன் கார்டைக் கழற்றி எடுத்தது நான்.

அப்போது நீ பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டாம் வருஷம் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கம்ப்யூட்டர் உன் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் மலிவாக அசெம்பிள் செய்து வாங்கியது. படிப்புக்கு என்றுதான் வாங்கினோம். கிறிஸ்துமஸுக்கு மாமாவும் சித்தப்பாவும் கொடுத்ததையெல்லாம் சேர்த்து வைத்து, நீயாகவே கடை கடையாக விசாரித்து ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாய். படம் வரைவதற்கென்றே அதில் தனி மூளை இருக்கிறது, அது இருந்தால்தான் விளையாட்டு விட்டு விட்டு வராமல் ஓடும் என்று எனக்கு விளக்கினாய். அம்மா டார்ச் பிடிக்க, தரையில் பாயை விரித்துப் பெட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, நீயே மாட்டினாய். அது பொருந்தும்போது ஒரு சத்தம் வந்தது. "கேட்டீங்களாப்பா, உக்காந்துடுச்சு" என்றாய். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் லேத்தில் நின்றவன் நான். ஒரு பொருளைச் சரியாகப் பிடிக்கிற கை எது, பயந்து பிடிக்கிற கை எது என்று எனக்குத் தெரியும். உன்னுடையது சரியான கை. அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்து, தூசி வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒருநாள், காய்ச்சல் என்று சொல்லி ஃபேக்டரிக்கு லீவு போட்டேன். நீ காலேஜுக்கும் அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்கும் போனபிறகு பெட்டியைத் திறந்தேன். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுக் கார்டை இழுத்தேன், வரவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருப்பது எனக்குத் தெரியாது. இன்னும் பலமாக இழுத்தேன். கிளிப் உடைந்து கார்டு கையோடு வந்தது. ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டு. மொத்தக் கம்ப்யூட்டரையும் கெடுத்துவிட்டோமே என்று உடம்பு வேர்த்துவிட்டது. பிறகு பெட்டியின் பின்னால், கொஞ்சம் மேலே, அதே மாதிரி இன்னொரு துளை இருப்பதைப் பார்த்து, மானிட்டர் ஒயரை அதில் சொருகினேன். படம் வந்தது. கார்டைப் பழைய துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்தேன். மறுநாள், ஃபேக்டரி இருக்கும் நம் ஊர் ஹெப்பாளுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போய் என் லாக்கரில் பூட்டினேன்.

கார்டைக் கழற்றிய அன்றே சாயங்காலம் நீ வந்ததும் கதையைத் தயாராக வைத்திருந்தேன். நான் சும்மா போட்டுப் பார்த்தேன், புகை வந்தது, தீய்ந்த வாசனை அடித்தது, பக்கத்துத் தெரு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன், கார்டு எரிந்துபோய்விட்டது என்று சொல்லி எடுத்துப் போய்விட்டார் என்றேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ பெயிண்ட் பிரஷ் வைத்து உள்ளே தூசி தட்டியிருந்தாய். நீ பையைக்கூட இறக்காமல் கேட்டாய்: "நான் பிரஷ் வச்சு க்ளீன் பண்ணினேனே, அதனாலயாப்பா?"

அந்தக் கேள்வி என் கதையில் இல்லை. நீயாகத்தான் கேட்டாய். இல்லையம்மா, அதனால் இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னேன்: "அப்படித்தான் அவரும் சொன்னார்." நீ கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "சாரிப்பா" என்றாய். உன் பொருளைத் திருடி ஒளித்துவைத்த என்னிடம் நீ மன்னிப்புக் கேட்டாய். "சரி, பரவாயில்லை, போய்ப் படி" என்று நான் மன்னித்தேன்.

அதற்குப் பிறகு சரிசெய்ய எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. பரீட்சை முடிந்த நாள் இருந்தது. ரிசல்ட் வந்து, நீ நல்ல மார்க் வாங்கி, அம்மா தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்த நாள் இருந்தது. அன்று காலை லாக்கரைத் திறந்து கார்டைக் கையில் எடுத்தேன். திருப்பிக் கொடுத்தால் எடுத்ததைச் சொல்ல வேண்டும். மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். சி.இ.டி. எழுதி உனக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைக்கிற ராங்க் வந்தது. எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ் என்று எழுத வேண்டிய நேரத்தில், "வேண்டாம்பா, மிசினுக்கும் எனக்கும் ஆகாது, நான் பி.காம். போறேன்" என்றாய். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் காலேஜ், செலவும் குறைவு என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு வருஷம் கழித்து லாக்கரைக் காலி செய்யச் சொன்னபோது, கூட வேலை செய்தவர் ஒருவருக்கு அந்தக் கார்டைக் கொடுத்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன மாதம் நீ அருணிடம் சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான், அது எனக்கு மட்டும்தான் முடிந்திருக்கிறது என்று தெரிந்தது.

அதனால் மறுநாளே தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. "ஏனு பேக்கு சார்?" என்ன வேண்டும் என்றார் கடைக்காரர். கிராபிக்ஸ் கார்டு, மகளுக்கு என்றேன். எந்த மதர்போர்டு, பவர் சப்ளை எத்தனை வாட், பெட்டிக்குள் எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று அவர் கேட்கக் கேட்க, நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "போட்டோ தெகெது தோர்ஸி சார்," போட்டோ எடுத்துக் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீளம், அகலம், மின்விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எல்லாவற்றையும் அளந்து, ஃபேக்டரியில் வரைவது போலப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இப்படி யாரும் அளந்துகொண்டு வந்ததில்லையாம். பெரிய கார்டாகக் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. இது பட்ஜெட் கம்ப்யூட்டர், பழைய பிராசசர், பெரிய கார்டைப் போட்டால் அது வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும், இந்தப் பவர் சப்ளையும் தாங்காது என்று பொறுமையாகச் சொன்னார். மதர்போர்டுப் பலகையிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்னக் கார்டு ஒன்றைக் காட்டி, இது போதும், அருணும் நீயும் ஆடுவதற்கு இது தாராளம் என்றார். உன் பெயரும் அருண் பெயரும் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. இரண்டாவது தடவை போனபோது கல்யாணப் பத்திரிகையே கொடுத்துவிட்டேன்.

கார்டு இப்போது உன் மேஜைமேல், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. சனிக்கிழமை நீ புடவை எடுக்க வருகிறாய். அப்போது இந்தக் கடிதத்தையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் எங்காவது வெளியே போய்விடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

இதுவரை எழுதியது போன வாரம். வெளியே போகவில்லை. கடிதத்தையும் உன்னிடம் கொடுக்கவில்லை. மீதியை இப்போது எழுதுகிறேன். நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது இல்லையா.

சனிக்கிழமை மத்தியானம் நீ வந்ததும் அந்தப் பெட்டியைப் பார்த்தாய். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா! நிஜமாவா? யார் மாட்டுவாங்க?" என்றாய். நீதான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "வேண்டாம்பா, கடைக்காரரையே வரச்சொல்லுங்க" என்றாய். மூடியை மட்டுமாவது திற, உள்ளே இடம் இருக்கிறதா பார் என்று நான் கெஞ்சினேன். உனக்காக ஸ்க்ரூக்களை முன்பே தளர்த்தி வைத்திருந்தேன். நீ மூடியை எடுத்து, குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாய். "கிளிப் உடைஞ்சிருக்கேப்பா. அந்த ரிப்பேர்காரரா உடைச்சார்?" என்று கேட்டாய்.

மறுபடியும் நீயே எனக்கு ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தாய், ரீனா. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "ரிப்பேர்காரர் யாரும் வரல. நான்தான் உடைச்சேன்" என்றேன். பிறகு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு எரியவில்லை, புகை வரவில்லை, உன் பிரஷ்ஷால் ஒன்றும் ஆகவில்லை, லாக்கரில் இருந்தது, எல்லாம். நீ ஏன் என்று கேட்டாய். "பரீட்சைக்காகத்தான், நீ படிக்கணும்னு" என்றேன்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தவில்லை. "நான் சாரி சொன்னேனேப்பா" என்றாய். அவ்வளவுதான். மூடியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். டியூட்டி முடிந்து வந்த அம்மா, ஏன் இரண்டு பேர் முகமும் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் அவளை எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா? மிக்ஸியைத் தொடாதே, ஃபேனைத் தொடாதே, நீ தொட்டதெல்லாம் கெட்டுப்போகும்னு நானும்தானே சொல்லிச் சொல்லி... எட்டு வருஷமா என்கிட்டகூட சொல்லலையே நீங்க" என்றாள். அன்று புடவைக் கடைக்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போனீர்கள். நான் போகவில்லை. நீங்கள் கூப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நீ அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாய். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாய், கல்யாணம்வரை இப்படியே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு ஹாலில் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உன் ரூமிலிருந்து குரல் வந்தது. "அப்பா, அந்த ஸ்க்ரூடிரைவர் எங்க?"

கொண்டுவந்து கொடுத்தேன். நீ தரையில் உட்கார்ந்து பெட்டியைச் சாய்த்தாய். புதுக் கார்டைக் கவரிலிருந்து எடுக்கும்போது உன் கை அதைப் பயந்து பிடித்தது. எட்டு வருஷம் முன்னால் பயப்படாத கை. நான் உதவட்டுமா என்று கேட்கப் போனேன், அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதல் தடவை கார்டு சாய்வாக இறங்கியது. எடுத்துவிட்டாய். மூச்சு விட்டுவிட்டு இரண்டாவது தடவை இரண்டு ஓரத்திலும் கட்டை விரலை வைத்து அழுத்தினாய். அந்தச் சத்தம் வந்தது. கிளிப் இல்லாததால் ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினாய். பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்து நீ பிடித்துக்கொள்ள, நான் பின்னால் கையை விட்டு ஒயர்களை எல்லாம் சொருகினேன். நீ ஸ்விட்சைப் போட்டாய்.

மின்விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது.

உன் முகத்தைப் பார்த்தேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றாய். "பாத்தீங்களா. நான்தான் சொன்னேன்ல" என்றாய். சின்னப் பிள்ளை போலச் சொன்னாய். அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நானே உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இந்த ஒரு தடவை என்றேன். கடைக்காரருக்குப் போன் போடலாமா என்று கேட்டேன். நீ மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாய். "ஃபேன் ஓடுது. கார்டு ஃபேனும் ஓடுது. அப்ப கரண்ட் போகுது" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். பிறகு, "இருங்க" என்று பெட்டியைத் திருப்பினாய். பின்பக்கத்தைப் பார்த்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"அப்பா, மானிட்டர் ஒயரை எங்க சொருகினீங்க?"

எப்போதும் இருக்கிற துளையில்தான் என்றேன். "எப்பவும் இருக்கிறது மதர்போர்டோடது. கார்டு போட்டா ஒயர் கார்டுல இருக்கணும்பா" என்றாய். எட்டு வருஷம் முன்னால் கார்டைப் பிடுங்கிவிட்டு நானே தேடிக் கண்டுபிடித்த துளை அது. கை தானாக அங்கேயே போய்விட்டது. நீ ஒயரை எடுத்துக் கீழே இருந்த துளையில் சொருகினாய், படம் வந்துவிட்டது. நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்பா, நீங்கதான்பா. நீங்க தொட்டாத்தான்பா இதுக்கு ஆகல" என்றாய். அம்மாவும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் இருக்கு" என்றாய். இருக்கட்டும் என்றேன். அது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. என்மேல் கோபம் இருந்தால் அதை நீ என்னிடமே சொல்கிறாய் அல்லவா. கல்யாணத்துக்கு அப்புறமும் அப்படியே இரு. அருணிடமும் சொல்லு. கோபத்தை மாடிக்கு எடுத்துப் போனாலும் மறுநாள் கீழே கொண்டுவந்துவிடு. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்போது, இதை இவர்கள்தான் கேட்க வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்புறம் தலையாட்டு.

இங்கேயே முடித்திருக்கலாம். நேற்று அருணுக்குப் போன் செய்தேன். ரீனா எந்தக் கார்டையும் எரிக்கவில்லை, நான்தான் எடுத்தேன், அவள் கை சுத்தமான கை, உங்கள் வீட்டில் எந்த மிசினை வேண்டுமானாலும் அவள் தொடலாம் என்று சொன்னேன். அவர், "ரீனா சொன்னா மாமா. பரீட்சைக்காகன்னு சொன்னா. விடுங்க, எல்லா அப்பாக்களும் செய்றதுதானே" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் போனை வைத்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. பரீட்சைக்காக என்றால் எல்லா அப்பாவும் செய்வதுதான். நான் உன்னிடம் சொன்னது பாதி.

மீதிப் பாதி இது. கார்டைக் கழற்றியதற்கு முந்தின நாள், ஃபேக்டரியில் எங்கள் ஷாப்புக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் லேத்தில் என்னை நிறுத்தினார்கள். பட்டனும் திரையும் உள்ள மிசின். பதினைந்து நாளாகப் பயிற்சி கொடுத்தார்கள், எனக்கு ஏறவில்லை. அன்று நம்பரைத் தப்பாக அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த பீஸையும் டூலையும் சேர்த்து உடைத்துவிட்டேன். சொல்லிக் கொடுக்க வந்திருந்த பையனுக்கு அப்போது உன்னைவிட நாலு வயதுதான் கூட இருக்கும். எல்லார் எதிரிலும் என் கையைப் பிடித்து எடுத்து, "சார், நீங்க இனி இதைத் தொடாதீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அடுத்த மாதம் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். முழங்கால் வலி, நானே கேட்டு வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். ரிட்டயர் ஆகிறவரை சாமான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டூலை உடைத்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. நீ காதில் ஹெட்ஃபோனோடு கேம் ஆடிக்கொண்டிருந்தாய். எதிர்ப்பக்கம் நாலைந்து பையன்கள் போலிருக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியிருக்க வேண்டும். நீ, "நீவு சும்னிரி, நானு நோட்கோத்தீனி" என்றாய். நீங்கள் எல்லாரும் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர்கள் அடங்கிவிட்டார்கள். உன் விரல் கீபோர்டில் எங்கெங்கோ போய்வந்தது, ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பிறகு ஜெயித்துவிட்டுச் சிரித்தாய். சாப்பாட்டுப் பையோடு நான் கதவுக்கு வெளியே நின்றேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய நேரம் அது. எனக்குப் பெருமை வரவில்லை, ரீனா. பொறாமை வந்தது. என்னால் முடியாதது இவளுக்கு விளையாட்டாக இருக்கிறதே என்று வந்தது. மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டேன். பரீட்சை என்ற பெயரை அதற்கு அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் கல்யாணத்தன்று சர்ச் வாசலிலிருந்து பலிபீடம் வரைக்கும் உன்னைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டியவன் நான். எல்லாரும் எழுந்து நின்று நம் இரண்டு பேரையும் பார்ப்பார்கள். அந்த நடையில் உன் பக்கத்தில் வருகிறவன் யார் என்று உனக்காவது முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இதைப் படித்தபிறகு சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று நீ சொன்னால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அத்தையிடமும் நானே ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். இல்லை, பொய் சொல்லமாட்டேன், உள்ளதையே சொல்லிவிடுகிறேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. நன்றாக யோசித்து அம்மாவிடம் சொல்லிவிடு. எனக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது, எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் போட்டுக்கொள்வேன்.

யார் கையைப் பிடித்தாலும் மெதுவாக நட. அந்தச் சர்ச்சில் நடுப்பாதை நீளம். புதுப் புடவை காலில் தடுக்கும்.

உன் அப்பா